களியாட்டு நகரில் ஒரு துறவி

இத்தாலிய நாட்டின் நடுப்பகுதியில், ஆர்னோ ஆற்றின் இரு கரையிலும் அமைந்த பிளாரன்ஸ் மாநகரம் ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் தாயகம் என்பதை வரலாறு பயில்வோர் யாவரும் அறிவர். ஆனால் பதினைந்தாம் நூற்றாண்டில் அந்நகரத்தார் தம் நகரைப் பற்றிப் பெருமையுடன் பேசிய பொருள்களுள் அவர்தம் விழாக்களும் ஒன்றாகும். குளிர் தணிந்து வெயில் இளகிவரும் நாட்களில், லெந்து காலத்திற்கு முன்னர்க் கார்னிவல் என்னும் களியாட்டு விழா வரும். நாற்பது நாள் நோன்பு தொடங்குமுன் இறைச்சிக்கு விடைகொடுக்கும் விழா அது. அது கழிந்து உயிர்த்தெழுதலின் பண்டிகையும் முடிந்தபின், மே மாதத்து முதல் நாளில் மலர்க் கொம்புகளைக் கையிலேந்தி ஆடிப்பாடும் இளவேனில் விழா வரும். இவ்விரு விழாக்களிலும் ஆண்கள் பொய்முகம் பூண்டு பலவகை வேடம் தரித்து வீதி வலம் வருவர். வர்த்தகர், தோட்டக்காரர், நாடோடிகள் என்று வேடமிட்டோர் அவ்வத் தொழிலுக்கேற்ற பாட்டுகளைப் பாடுவர். அப்பாட்டுகளுள் இரு பொருள்பட வரும் விரசமான சொற்கள் மிகுதி. தீவட்டிகளின் ஒளியில் அலங்காரத் தேர்கள் ஊர்ந்து வரும். சிறந்த ஓவியர் பலர் அத்தேர்களுக்கு வண்ணம் தீட்டினர். நகரின் முடிசூடா மன்னனாய் விளங்கிய லொரென்சோ தே மெடிச்சி தாமே அவ்விழாவிற்குப் பாடல்கள் புனைந்தார்.

இத்தகைய நகருக்கு வந்து, எட்டாண்டுக் காலம் அதன் உள்ளத்தைத் தம் குரலால் ஆண்டு, ஈற்றில் அதன் நடுச் சதுக்கத்திலேயே எரிந்து சாம்பரான ஒரு துறவியின் சரிதையை ஈண்டு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் ஜிரோலமோ சவொனரோலா. ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் ஜார்ஜ் எலியட் அம்மையார் எழுதிய ரொமோலா என்னும் நாவலில் அவரைச் சந்தித்திருக்கலாம். வரலாற்றுப் பாடநூல்களோ ஒரு வரியில் அவரைக் கடந்து சென்றுவிடும்.

அவர் பிறந்தது பிளாரன்ஸில் அன்று. பெர்ராரா என்னும் வேறொரு நகரில், 1452-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் நாள். பாட்டனார் மிக்கேலே என்பவர் பெயர்பெற்ற வைத்தியர். பெர்ராராவின் பிரபுக்களுக்கு அரண்மனை வைத்தியராய் இருந்தவர். பேரனும் அத்தொழிலையே மேற்கொள்வான் என்று குடும்பத்தார் எண்ணியிருந்தனர். ஆனால் இளைஞர் சவொனரோலா நாடி சாஸ்திரத்தை விட அக்குவினாவின் தோமா எழுதிய தத்துவ நூல்களையே விரும்பிக் கற்றார். பெர்ராராவின் அரண்மனையும் கேளிக்கையிற் குறைந்ததன்று. அங்கே விருந்தும் ஆட்டமும் பாட்டும் நாள்தோறும் நடக்க, அதே மாளிகையின் நிலவறைகளில் கைதிகள் துன்புறுவதையும் அவர் கேள்வியுற்றார். இருபதாம் வயதில் உலகத்தின் அழிவைப் பற்றி அவர் ஒரு செய்யுள் இயற்றினார் என்றால், அவ்விளைஞரின் மனப்போக்கை நாம் உய்த்துணரலாம்.

1475-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள். அது பெர்ராராவின் காவற் புனிதரான ஜியார்ஜியாரின் திருவிழாவை அந்நகரத்தார் கொண்டாடும் காலம். வீடுகள் வெறுமையாகித் தெருக்கள் நிறைந்திருந்தன. பெற்றோரும் உடன்பிறந்தோரும் விழாவில் ஈடுபட்டிருந்த அவ்வேளையில், இருபத்திரண்டு வயதினரான சவொனரோலா ஒருவரிடமும் விடைபெறாது வீட்டை விட்டு வெளியேறினார். பொலோனியா நகருக்குச் சென்று தொமினிக்கு மடத்தின் கதவைத் தட்டினார். பின்னர்த் தந்தையாருக்கு ஒரு கடிதம் எழுதி, தம்மைப் பிரிவதால் அவருக்கு உண்டாகும் துயரை விடத் தம்முடைய துயர் பெரிது என்பதையும், உலகத்தின் பொல்லாங்கைத் தம்மாற் பொறுக்க இயலவில்லை என்பதையும் தெரிவித்தார். ஊரெல்லாம் களித்திருந்த வேளையில் தனியே நடந்து சென்ற அவ்விளைஞரை நம் வயதொத்தவராய் எண்ணிப் பார்க்கும்போது, அவருடைய துணிவை வியப்பதா, அன்றித் தாயின் கண்ணீருக்கு இரங்குவதா என்று நாம் தடுமாறுகின்றோம்.

மடத்தில் ஏழாண்டுகள் கற்றபின், 1482-ஆம் ஆண்டில் அவர் பிளாரன்ஸிலுள்ள சான் மார்கோ மடத்திற்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் ஆயிரமாயிரம் மக்களைக் கண்ணீர் சிந்தவைத்த இப்பிரசங்கியார், தொடக்கத்தில் பெருந்தோல்வி அடைந்தார் என்பது பலரும் அறியாத செய்தி. சான் லொரென்சோ ஆலயத்தில் அவர் லெந்து காலப் பிரசங்கம் நிகழ்த்தியபோது, கேட்போர் தொகை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. பிளாரன்ஸ் மக்கள் செம்மொழி நடையிலும் பழம்புலவர் மேற்கோள்களிலும் பழகியவர்கள். பெர்ராராவின் கொச்சை உச்சரிப்பும் கரகரத்த குரலும் அவர்களுக்குச் சிரிப்பை விளைத்தன. அவர் அந்நகரை விட்டுச் சென்று சிற்றூர்களிற் பிரசங்கித்தார். சான் ஜிமிஞானோ என்னும் ஊரில்தான் அவர் தம்முடைய குரலைக் கண்டுபிடித்தார் எனலாம். திருச்சபை தண்டிக்கப்படும், பின்னர்ப் புதுப்பிக்கப்படும், அதுவும் விரைவில் நிகழும் என்பதே அன்று முதல் அவருடைய செய்தியாயிற்று.

1490-ஆம் ஆண்டில் அவர் மீண்டும் பிளாரன்ஸுக்கு வந்தார். அவரை வரவழைத்தவர் வேறெவருமல்லர். லொரென்சோ தே மெடிச்சியே. மிராந்தோலாவின் பிக்கோ என்னும் இளம் அறிஞர் செய்த பரிந்துரையே அதற்குக் காரணம். தம் குலத்தின் ஆட்சிக்கு முடிவு கூறப்போகும் நாவைத் தாமே அழைத்து வந்தார் லொரென்சோ! வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்துச் சவொனரோலா விரித்துரைக்கத் தொடங்கியதும் சான் மார்கோ ஆலயம் இடம் போதாததாயிற்று. அடுத்த ஆண்டிலேயே நகரின் தலைமைப் பேராலயத்தில் அவர் பேசலானார். லொரென்சோ வியோலி என்னும் பத்திர எழுத்தர் கீழே அமர்ந்து அவருடைய சொற்களைக் கேட்டபடியே எழுதிவந்தார். அதனாலேயே அப்பிரசங்கங்களுட் பல இன்றும் கிடைக்கின்றன. 1491-ஆம் ஆண்டில் மடத்தின் தலைவரானபோது, மெடிச்சி மாளிகைக்குச் சென்று மரியாதை செலுத்தும் வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை.

லொரென்சோ 1492-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 8-ஆம் நாள் மரித்தார். மரணப் படுக்கையில் அவர் சவொனரோலாவை அழைத்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கு நிகழ்ந்ததைப் பற்றி இரு கதைகள் வழங்குகின்றன. நகரின் சுதந்தரத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு துறவி கேட்க, லொரென்சோ முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டார் என்பது சீடர்கள் எழுதிவைத்த கதை. துறவி அவருக்கு ஆறுதல் கூறி ஆசீர்வதித்துச் சென்றார் என்பது, உடனிருந்த பொலிசியானோ என்னும் புலவர் சில வாரங்களுக்குள் எழுதிய செய்தி. முன்னது நாடகத்திற்கு ஏற்றது. பின்னதே மெய்யென்று நமக்குத் தோன்றுகின்றது.

1494-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் பெரும்படையுடன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியினுள் இறங்கினார். வாள் வருகின்றதென்று சவொனரோலா பல்லாண்டு கூறிவந்த சொல் பலித்துவிட்டதென மக்கள் நடுங்கினர். லொரென்சோவின் மைந்தர் பியேரோ கோட்டைகளை மன்னருக்குக் கொடுத்து வர, நகரத்தார் சினந்து நவம்பர் மாதம் 9-ஆம் நாள் அவரைத் துரத்தினர். சவொனரோலா தூது சென்று மன்னரிடம் நகரத்திற்காகப் பரிந்து பேசினார். பிரெஞ்சுப் படை நகரினுள் புகுந்து, கொள்ளையிடாமலே வெளியேறியது. பின்னர், நகரமக்களுட் பெருந்தொகையினர் கூடி முடிவு செய்யும் பெருஞ்சபை ஒன்று அவருடைய தூண்டுதலால் நிறுவப்பட்டது. கிறிஸ்துவே பிளாரன்ஸின் அரசர் என்று அவர் பறைசாற்றினார். அவர் எந்தப் பதவியையும் ஏற்கவில்லை. ஆயினும் அவருடைய பிரசங்க மேடையே நகரத்தின் சிங்காசனமாயிற்று. அரசியல் நுணுக்கங்களை விரிப்பிற் பெருகும். விழாவின் கதைக்கே திரும்புவோம்.

பிளாரன்ஸின் களியாட்டு நாட்களில் சிறுவர் செய்த கொடுமைகள் பல. அவர்கள் நீண்ட கழிகளைத் தெருவின் குறுக்கே நீட்டி வழியை அடைத்துக்கொண்டு, பணம் கொடுத்தாலன்றி எவரையும் போகவிடார். அவ்வாறு திரட்டிய பணத்தால் இரவில் விருந்துண்டு தீ மூட்டி ஆடுவர். அதன்பின் ஒரு தெருச் சிறுவர் மற்றொரு தெருச் சிறுவர் மீது கல்லெறிந்து போர் புரிவர். அப்போரில் ஆண்டுதோறும் சிலர் இறப்பதும் உண்டாம். தண்டனைச் சட்டங்கள் எத்தனையோ இயற்றியும் நகர ஆட்சியாளரால் இதனை அடக்க முடியவில்லை. சவொனரோலா செய்தது யாது? அவர் அச்சிறுவரைத் தண்டிக்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுத்தார். கழி நீட்டிப் பணம் பறித்த அதே தெருமுனைகளில் சிறு பீடங்களை அமைத்து, ஏழைகளுக்காகக் காணிக்கை கேட்குமாறு அவர்களை நிறுத்தினார். நகரின் நான்கு பகுதிச் சிறுவரும் அணிவகுக்கப்பட்டனர். அவர்களுக்குள்ளேயே தலைவரும் ஆலோசகரும் தெரிந்தெடுக்கப்பட்டனர்.

1496-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 16-ஆம் நாள், களியாட்டின் இறுதி நாளன்று, அச்சிறுவர் கையில் ஒலிவக் கிளைகளைத் தாங்கி, பாட்டிசைத்து, நகரை வலம் வந்தனர். லூகா லண்டுச்சி என்னும் மருந்துக் கடைக்காரர் ஒருவர் அந்நாளில் பிளாரன்ஸில் நாட்குறிப்பு எழுதிவந்தார். ஐந்தாறு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுவர் ஆறாயிரவர் அவ்வூர்வலத்தில் இருந்தனர் என அவர் மதிப்பிடுகின்றார். அவர்களுள் தம் பிள்ளைகளும் இருந்ததை மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்கின்றார். திரண்ட பணம், வெளியே கையேந்த நாணும் ஏழைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வாண்டுக் குருத்தோலை ஞாயிறன்றும் அவ்வாறே பேரூர்வலம் நிகழ்ந்தது. அப்போது தண்டிய காணிக்கை, ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் அடகுக் கடன் கொடுக்கும் பொது நிலையத்திற்கு அளிக்கப்பட்டது. ஊர்வலப் பாட்டுகளைப் பெனிவியேனி என்னும் புலவர் இயற்றிக் கொடுத்தார். பக்திப் பாட்டுகள் பலவற்றிற்குப் பழைய களியாட்டுப் பாட்டின் மெட்டுகளே அமைந்திருந்தன என்பதை இசை ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். மெட்டை மாற்றாது சொல்லை மாற்றும் இவ்வழி, கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடிப் பழகிய நமக்குப் புதிதன்று.

மறு ஆண்டு நிகழ்ந்ததே உலகம் இன்றளவும் பேசும் நிகழ்ச்சி. பல வாரங்களுக்கு முன்பே சிறுவர் வீடுவீடாகச் சென்று, வீண் ஆடம்பரப் பொருள்களைக் கொடுக்குமாறு கேட்டு வாங்கினர். 1497-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 7-ஆம் நாள் அவையனைத்தும் சிஞ்ஞோரியாச் சதுக்கத்தில் குவிக்கப்பட்டன. (பிளாரன்ஸ் மக்கள் மார்ச்சு மாதம் 25-ஆம் நாளையே ஆண்டுப் பிறப்பாகக் கொண்டிருந்தமையால், அவர்களுடைய பழம் ஏடுகளில் இது 1496 என்றே காணப்படும்.) கூர்நுதிக் கோபுரம் போன்ற ஒரு மரச்சட்டத்தைத் தச்சர் எழுப்பியிருந்தனர். அதன் படிகளில் பொய்முகங்களும் வேட உடைகளும் கட்டுத்தாடிகளும் ஒரு படி. பொய்ம்மயிரும் நறுமணத் தைலங்களும் நிலைக்கண்ணாடிகளும் ஒரு படி. சீட்டுக்கட்டும் சூதாடு காய்களும் சதுரங்கப் பலகைகளும் ஒரு படி. வீணை போன்ற நரம்புக் கருவிகள் ஒரு படி. பொக்காச்சியோவின் கதைகள் முதலிய நூல்கள் ஒரு படி. அழகிய பெண்களின் ஓவியங்கள் ஒரு படி என அடுக்கப்பட்டிருந்தன. உச்சியில் களியாட்டு அரசனின் கோரமான உருவம். வெனிஸ் நகர வணிகர் ஒருவர் அக்குவியல் முழுவதற்கும் பெருவிலை கொடுக்க முன்வந்தாரென்றும், விடையாக அவருடைய உருவத்தையே வரைந்து அதன்மேல் வைத்தனரென்றும் பழைய சரிதக்காரர் கூறுவர். சிறுவர் வெண்மை உடுத்து, ஒலிவ மாலை சூடி, குழந்தை இயேசுவின் சிற்பம் ஒன்றைத் தாங்கி ஊர்வலமாய் வந்தனர். எக்காளம் முழங்க, அரண்மனை மணி ஒலிக்க, நான்கு புறத்திலும் தீ மூட்டப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி அறிஞர் இருவகையாகப் பேசுவர். கலையைக் கொன்ற வெறியர் என்று அவரை இகழ்வோர் ஒரு சாரார். ஆத்துமாக்களை மீட்ட தீர்க்கதரிசி என்று புகழ்வோர் மற்றொரு சாரார். உண்மைகள் சில நம்முன் உள்ளன. பாச்சியோ என்னும் இளம் ஓவியர் தாம் வரைந்த ஆடையற்ற உருவப் படங்களைத் தாமே கொண்டுவந்து தீயிலிட்டார் என வசாரி எழுதுகின்றார். அவரே பின்னர்த் துறவு பூண்டு பிரா பர்தொலோமேயோ என்று புகழ் பெற்றவர். சவொனரோலா கலையின் பகைவர் அல்லர். பிரா ஆஞ்செலிக்கோ தீட்டிய சுவரோவியங்களுக்கிடையே வாழ்ந்தவர் அவர். மெடிச்சி குலத்தாரின் பொருள்கள் விற்கப்பட்டபோது, அவர்களுடைய அரிய நூலகம் சிதறிப்போகாதபடி விலைகொடுத்து வாங்கியது அவருடைய சான் மார்கோ மடமே. இவையெல்லாம் மெய். ஆயினும், ஏட்டுச் சுவடிகளைத் தீக்கும் ஆற்றுக்கும் கொடுத்துவிட்டுப் பெயர் மட்டும் எஞ்சிய நூல்களை எண்ணி ஏங்கும் தமிழ் மாணவராகிய நாம், நூல்கள் எரிந்த அப்படியைக் கண்டு மகிழ இயலாது. அன்றியும், வீடுவீடாகச் சென்ற அச்சிறுவர் சிலவிடத்து மென்மையாகக் கேட்டனர். சிலவிடத்து அச்சுறுத்தியும் கேட்டனர். தெருவில் செல்லும் பெண்டிரின் அணிகலன்களைக் கண்டித்தனர், சூதாடுவோரைக் கலைத்தனர். கல்லெறிந்த கைகளில் நீதியின் கோலைக் கொடுத்தது துணிவான செயல். அக்கைகள் முற்றும் மாறிவிட்டனவா என்பதற்கு விடை பின்னர்க் கிடைத்தது.

ரோமாபுரியில் அப்போது போப்பரசராய் இருந்தவர் ஆறாம் அலெக்ஸாந்தர், போர்ஜியா குலத்தவர். அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஈண்டு எழுதுதல் வேண்டா. சவொனரோலா அதனை மேடையில் எழுதாக் குறையாகப் பேசினார். பிரசங்கிக்கலாகாது என்று வந்த கட்டளையைச் சில காலம் பணிந்தார்; சில காலம் மீறினார். 1497-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். அவ்வாண்டு வேனிலில் நகரில் கொள்ளைநோய் பரவியபோது இளந்துறவிகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மடத்திலேயே தங்கினார். சிலுவையின் வெற்றி என்னும் நூலையும் அக்காலத்தில் வெளியிட்டார். அந்நூலின் தொடக்கத்தில் கிறிஸ்துவை எவ்வாறு காட்டுகின்றார் தெரியுமா? நான்கு சக்கரமுள்ள வெற்றித் தேரின்மேல், முட்கிரீடத்துடனும் காயங்களுடனும் வீற்றிருப்பவராக! களியாட்டுத் தேர்களை வீதியினின்று விலக்கியவர், அத்தேரினையே தம் ஆண்டவருக்கு ஊர்தியாக்கினார்.

அவர் வாழ்வில் நம் மனம் ஒப்பாத நிகழ்ச்சியும் அவ்வாண்டிலேயே உண்டு. மெடிச்சி குலத்தாரை மீண்டும் கொண்டுவரச் சூழ்ச்சி செய்தனரென்று ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர்களுள் பெர்னார்தோ தெல் நேரோ என்னும் முதியவரும் ஒருவர். பெருஞ்சபையிடம் மேல்முறையீடு செய்யும் உரிமையை மக்களுக்குக் கிடைக்கச் செய்தவர்களுள் சவொனரோலாவும் ஒருவர். அவ்வுரிமை இவ்வைவருக்கு மறுக்கப்பட்டு, ஆகஸ்டு மாதத்து ஓரிரவில் அவர்கள் தலை வெட்டுண்டனர். அப்போது அவர் அதனைத் தடுக்கக் குரல் எழுப்பவில்லை. நகரில் அவருக்கு இருந்த பகைவர் தொகை அன்று பெருகியது.

1498-ஆம் ஆண்டு இளவேனிலில் பிரான்சிஸ்கு மடத்துத் துறவி ஒருவர், தீயினூடே நடந்து உண்மையை மெய்ப்பிக்க வருமாறு அறைகூவினார். சவொனரோலா இதனை விரும்பவில்லை. அவருடைய அன்பர் தொமெனிக்கோ ஆர்வத்தால் முன்வந்தார். ஏப்ரல் மாதம் 7-ஆம் நாள், முன்னர் ஆடம்பரப் பொருள்கள் எரிந்த அதே சதுக்கத்தில், நடுவே குறுகிய வழிவிட்டு இருபுறமும் விறகு அடுக்கப்பட்டது. நகரமே திரண்டு கூடியது. ஆனால் எந்த உடையுடன் நுழைவது, சிலுவையைக் கையில் ஏந்தலாமா, திருவப்பத்தைக் கொண்டு செல்லலாமா என்று இரு மடத்தாரும் மணிக்கணக்காக வாதிட்டனர். இடையே மழையும் பெய்தது. மாலையில் ஒன்றும் நடவாமலே கூட்டம் கலைந்தது. காட்சி காணவந்த மக்களின் ஏமாற்றம் ஒரே இரவில் வெறுப்பாகியது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. இரண்டாண்டுகளுக்கு முன் ஒலிவக் கிளைகளுடன் பாடிச் சென்ற நகரம், அன்று ஆயுதங்களுடன் சான் மார்கோ மடத்தை வளைத்துக்கொண்டது. நள்ளிரவில் சவொனரோலா தம்மை ஒப்புக்கொடுத்தார்.

கைகளைப் பின்புறம் கட்டிக் கயிற்றால் உயர்த்திச் சட்டென்று கீழே விடும் வாதனை அவருக்குச் செய்யப்பட்டது. அவ்வேதனையில் அவர் தாம் தீர்க்கதரிசி அல்லர் என்று ஒப்புக்கொண்டார், பின்னர் அதனை மறுத்தார், மீண்டும் வாதிக்கப்பட்டார். எழுதிய வாக்குமூலத்தில் பத்திர எழுத்தர் தம் கைவரிசையைக் காட்டினார் என்பதும் தெளிவு. பெருஞ்சபை மண்டபத்தில் அது படிக்கப்பட்டபோது லண்டுச்சியும் அங்கிருந்தார். நகரம் புதிய எருசலேமாகும் என்று நம்பிப் பிள்ளைகளை வெண்ணுடை உடுத்தி அனுப்பிய அந்த எளிய கடைக்காரர், தாம் கட்டிய மாளிகை முழுவதும் ஒரே பொய்யின்மேல் நின்றதோ என்று மனமுடைந்து எழுதுகின்றார். துறவியின் மரணத்தை விட இக்கடைக்காரரின் நாட்குறிப்பே நம்மை மிகுதியும் வருத்தியது எனின் மிகையன்று.

சிறையில் அவர் ஐம்பத்தோராம் சங்கீதத்திற்கு ஒரு தியானம் எழுதினார். மற்றொரு சங்கீதத்திற்கு எழுதத் தொடங்கியது முடியவில்லை. மே மாதம் 23-ஆம் நாள் காலை, தொமெனிக்கோ, சில்வெஸ்திரோ என்னும் இரு துறவிகளுடன் அவர் சதுக்கத்திற்குக் கொண்டுவரப்பட்டார். மூவருடைய துறவாடைகளும் களையப்பட்டன. தூக்கிலிட்டபின் கீழே தீ மூட்டினர். அவருக்கு வயது நாற்பத்தைந்து. தொங்கிய உடல்கள்மீது கற்கள் வந்து விழுந்தன. எறிந்தவர்களுள் சிறுவரும் இருந்தனர். அன்பர்கள் எடுத்துப் போற்றாதபடி, சாம்பலை வண்டியிலேற்றிப் பழைய பாலத்திலிருந்து ஆர்னோவில் கொட்டினர்.

களியாட்டு மீண்டது. 1511-ஆம் ஆண்டளவில் பியேரோ தி கோசிமோ என்னும் ஓவியர், எலும்பும் மண்டையோடும் தீட்டிய கருந்தேர் ஒன்றை எருமைகள் இழுக்க வீதியில் விட்டு ஊரை நடுங்கச் செய்தார் என்பர். மறு ஆண்டில் மெடிச்சி குலத்தாரும் திரும்பினர். மக்கியவெல்லி தம் அரசியல் நூலில், படையில்லாத தீர்க்கதரிசிக்கு எடுத்துக்காட்டாக நம் துறவியைச் சுட்டினார். சிறையில் எழுதிய தியானங்களை 1523-ஆம் ஆண்டில் மார்ட்டின் லூத்தர் முன்னுரையுடன் அச்சிட்டார். 1868-ஆம் ஆண்டில் வோர்ம்ஸ் நகரில் எழுந்த லூத்தரின் நினைவுச் சின்னத்தில், அவருக்கு முன்னோடிகளாய் அமர்ந்துள்ள நால்வருள் சவொனரோலாவும் ஒருவர். மிக்கேலாஞ்செலோ தம் முதுமையிலும் அக்குரலை மறக்கவில்லை என்று அவருடைய சரிதக்காரர் கூறுகின்றார்.

சிஞ்ஞோரியாச் சதுக்கத்தில் அவர் எரிந்த இடத்தை இன்று வட்டமான ஒரு கல் காட்டுகின்றது. அவர் இறந்தபின், ஆண்டுதோறும் மே மாதம் 23-ஆம் நாள் விடியும்போது அவ்விடத்தில் மலர்கள் சிதறிக் கிடப்பதை மக்கள் கண்டனர். இரவில் அவற்றை வைத்துச் சென்றோர் யாரென்று வெளிப்படவில்லை. இக்காலத்தில் அது மலர் விழா என்னும் பெயரால் பகலிலேயே நடக்கின்றது. குடியரசுக் காலத்து உடைகளை வேடமாகப் பூண்டவர்கள், கொடி பிடித்து முரசறைந்து அக்கல்லைச் சுற்றி அணிவகுத்து நிற்கின்றனர். கல்லின்மேல் ரோஜா மலர்களும் ஓலைகளும் பரப்பப்படுகின்றன. அதன்பின் ஊர்வலம் பழைய பாலத்திற்குச் சென்று, சாம்பல் கொட்டப்பட்ட இடத்தில் ஆற்றில் மலரிதழ்களைத் தூவுகின்றது.